மகனுக்கு மராத்தி, மகளுக்கு ஆங்கிலம்: மும்பை தாதரில் நடந்த பொருளாதார ஆய்வு சொல்வது என்ன?

மும்பை: 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரத் தாராளமயத்தின் பலன் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கைநழுவியது என்ற கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளுள், மும்பையின் தாதர் பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வு தனி இடம் பெற்றது. ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளில் மகனை மராத்திவழிப் பள்ளிக்கும் மகளை ஆங்கிலவழிப் பள்ளிக்கும் அனுப்பும் போக்கு உழைக்கும் சாதியினரிடையே ஏன் தோன்றியது என்பதை அந்த ஆய்வு விளக்கியது.

பொருளியல் அறிஞர்கள் கைவன் முன்ஷி, மார்க் ரோசென்ஸ்வெய்க் ஆகியோர் நடத்திய இந்த ஆய்வு, 'அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ' ஆய்விதழில் 2006-ஆம் ஆண்டு வெளியானது. சாதி, பாலினம், பள்ளித் தேர்வு ஆகிய மூன்றையும் உலகமயத்தோடு சேர்த்துப் பார்த்த முன்னோடி ஆய்வுகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

2001-02 காலகட்டத்தில் தாதரில் வசித்த ஏறத்தாழ 4,900 மராட்டியக் குடும்பங்களிடம் விவரங்கள் திரட்டப்பட்டன. 1982 முதல் 2001 வரையிலான 20 ஆண்டுகளில் அப்பகுதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மாணவர்களின் குடும்பங்கள் அவை. பிள்ளை எந்த மொழிவழியில் சேர்க்கப்பட்டது, பெற்றோர் என்ன வேலை பார்க்கின்றனர், எவ்வளவு ஈட்டுகின்றனர், அந்த வேலை யார் மூலம் கிடைத்தது என்பன போன்ற கேள்விகள் கேட்கப்பட்டன.

தாதரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருள் உண்டு. மும்பையின் மராத்தி வாழ்வுக்கு நடுநாயகமான பகுதி அது. ஆலைத் தொழிலாளர், அலுவலக ஊழியர், ஆசிரியர், சிறு வணிகர் எனப் பல சாதியினரும் பல வருவாய்ப் பிரிவினரும் அங்கு அருகருகே வாழ்கின்றனர். மராத்திவழிப் பள்ளியும் ஆங்கிலவழிப் பள்ளியும் நடந்துபோகும் தொலைவிலேயே இருக்கின்றன. எனவே, 'பக்கத்தில் ஆங்கிலப் பள்ளி இல்லை' என்ற காரணத்தை அங்கு எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆலையும் சிபாரிசும்

ஆய்வின் முடிவைப் புரிந்துகொள்ள, மும்பையில் வேலை கிடைத்த விதத்தை அறிந்திருக்க வேண்டும். 1850-களில் முதல் பஞ்சாலை தோன்றியது முதல், அந்நகரின் தொழிலாளர் சந்தை சொந்த ஊர், உறவு, சாதி ஆகிய வலைப்பின்னல்களின் மேல் நின்றது. ஆலைக்கு ஆள் சேர்த்தவர்கள் 'ஜாபர்' எனப்பட்ட மேஸ்திரிகள். அவர்கள் தம் ஊர்க்காரரையும் சாதிக்காரரையும் அழைத்து வந்தனர். துறைமுகம், ரயில்வே, மாநகராட்சித் துப்புரவுப் பணி என ஒவ்வொரு துறையிலும் குறிப்பிட்ட சில சமூகத்தினரின் கை ஓங்கியிருந்தது.

இந்த ஏற்பாட்டால் முதலாளிக்கும் ஆதாயம் இருந்தது. புதிதாக வருபவர் ஒழுங்காக வேலை செய்வாரா என்பது முதலாளிக்குத் தெரியாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் ஒருவரைச் சிபாரிசு செய்தால், அவர் தம் நற்பெயரையே பிணையாக வைக்கிறார். சேர்ந்தவர் தவறினால் சிபாரிசு செய்தவருக்கும் தலைகுனிவு. கல்விச் சான்றிதழோ சொத்தோ இல்லாத தொழிலாளிக்கு அந்தச் சமூகப் பிணையே மூலதனம்.

இந்த வலைப்பின்னல் ஆண்களுக்கானதாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாலைகளில் கணிசமாக இருந்த பெண் தொழிலாளர் எண்ணிக்கை படிப்படியாகச் சரிந்தது. மகனுக்கு வேலை வாங்கித் தரும் சித்தப்பாவும் மாமனும் இருந்தனர். மகளுக்கு அப்படி யாரும் இல்லை.

ஆய்வுக் காலத்தின் தொடக்கமான 1982, மும்பைத் தொழிலாளர் வரலாற்றிலும் முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு ஜனவரி 18-ஆம் தேதி, தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன்பின் பல ஆலைகள் மீண்டும் முழுமையாக இயங்கவே இல்லை. தாதரை ஒட்டிய பரேல், லால்பாக் பகுதிகளில் புகைபோக்கிகள் மட்டும் நின்றன.

15-லிருந்து 24, பூஜ்யத்திலிருந்து 27

ஆலைகள் சரிந்த அதே காலத்தில் வங்கி, நிதி, தகவல் தொழில்நுட்பம், தொலைத்தொடர்பு ஆகிய துறைகள் வளர்ந்தன. அவற்றின் நுழைவாயிலில் கேட்கப்பட்டது ஆங்கிலம். எத்தனை ஆண்டு படித்தார் என்பதைக் கணக்கில் கொண்ட பிறகும், ஆங்கிலவழியில் படித்த ஆண்களுக்கு மராத்திவழியில் படித்தவர்களை விட 1980-இல் சுமார் 15 சதவீதம் கூடுதல் வருமானம் கிடைத்தது. 2000-இல் அது சுமார் 24 சதவீதமாக உயர்ந்தது. பெண்களைப் பொறுத்தவரை 1980-இல் இந்த வேறுபாடு கிட்டத்தட்ட பூஜ்யம். 2000-இல் சுமார் 27 சதவீதம்.

வருமான வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளை ஆங்கிலவழிக்கு மாற்றியிருப்பர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஓரளவு அப்படி நடக்கவும் செய்தது. எல்லாச் சாதியினரிடையேயும் ஆங்கிலவழிச் சேர்க்கை கூடியது. ஆனால் அந்த மாற்றத்தின் வேகம் ஒரே மாதிரியாக இல்லை.

பெண் குழந்தைகளில், உயர்சாதியினருக்கும் உழைக்கும் சாதியினருக்கும் இடையே இருந்த ஆங்கிலவழிச் சேர்க்கை இடைவெளி 1990-களில் விரைவாகச் சுருங்கியது. ஆண் குழந்தைகளில் அந்த இடைவெளி அப்படிச் சுருங்கவில்லை. உடலுழைப்பு வேலைகளில் எந்தச் சாதியின் பிடி வலுவாக இருந்ததோ, அந்தச் சாதியின் மகன்களே மராத்திவழிப் பள்ளியில் அதிகம் தங்கினர். பெற்றோரின் கல்வியையும் வருமானத்தையும் கணக்கில் கொண்ட பிறகும் இந்தப் போக்கு மறையவில்லை.

வறுமையாலும் அறியாமையாலும் மட்டும் இது நிகழவில்லை என்பதே ஆய்வாளர்களின் வாதம். மகனுக்குத் தந்தையின் வேலையோ அதுபோன்ற வேலையோ உறுதி என்று தெரியும்போது, கூடுதல் செலவும் தோல்வி அச்சமும் உள்ள ஆங்கிலவழியைக் குடும்பம் தவிர்ப்பது அன்றைய நிலையில் கணக்குப் பார்த்த முடிவே. அதற்கு மேல் சமூகத்தின் அழுத்தமும் உண்டு. ஒருவர் வெள்ளைச்சட்டை வேலைக்குப் போய்விட்டால், எஞ்சியவர்களுக்குச் சிபாரிசு செய்ய ஓர் ஆள் குறைகிறார். பலர் போனால் வலைப்பின்னலே அறுந்துபோகும். ஆகவே வெளியேறுவதை அந்த அமைப்பு தன்னியல்பாகவே தடுக்கிறது. ஒரு காலத்தில் ஏழைத் தொழிலாளரைக் காத்த ஏற்பாடு, காலம் மாறிய பின் அவர்களின் மகன்களை அதே இடத்தில் பிடித்து வைத்தது.

மகள்களுக்கு இழப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அதனாலேயே அவர்கள் புதிய வாய்ப்பை நோக்கித் தடையின்றி நகர்ந்தனர். இதைப் பெண்களின் வெற்றி என்று கொண்டாடுவோர், அந்தச் சுதந்திரம் நெடுங்காலப் புறக்கணிப்பின் பக்கவிளைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

இதன் தொடர்விளைவு திருமணத்திலும் தெரிந்தது. ஆய்வுக்குட்பட்ட குடும்பங்களில், பெற்றோர் தலைமுறையை விட இளைய தலைமுறையினரிடையே தம் சாதிக்கு வெளியே மணம் முடித்தோர் விகிதம் அதிகம். அவர்களிலும் ஆங்கிலவழியில் படித்தோரிடையே அது மேலும் அதிகமாக இருந்தது. மகளின் படிப்பும் மகனின் படிப்பும் வெவ்வேறு திசையில் போனால், ஒரே சாதிக்குள் படிப்பிலும் வருமானத்திலும் ஈடான இணை கிடைப்பது கடினமாகும் என்றும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

தாராவியும் மாட்டுங்காவும்

இந்த ஆய்வில் மும்பைத் தமிழர் இடம்பெறவில்லை. அதன் எண்களை அப்படியே அவர்கள் மேல் பொருத்துவது பிழையாகும். எனினும் தாதரிலிருந்து சில நிமிட ரயில் பயணத்தில் உள்ள மாட்டுங்காவும் தாராவியும் இதே வலைப்பின்னல்களால் உருவான குடியிருப்புகள்தாம்.

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த இஸ்லாமியரும் ஆதிதிராவிடரும் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் வேரூன்றினர். முன்னால் வந்தவர் பின்னால் வருபவருக்கு இடமும் வேலையும் காட்டினார். மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியரோ தட்டச்சும் சுருக்கெழுத்தும் கணக்கும் அறிந்து அலுவலகங்களில் நுழைந்தவர்கள். அவர்களுக்கும் சிபாரிசு இருந்தது. ஆனால் அது ஆங்கிலம் தேவைப்பட்ட வேலைகளுக்கான சிபாரிசு. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ஆம் ஆண்டிலேயே தோன்றியதை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். அலுவலக வேலைகளில் தென்னிந்தியர் நிறைந்திருப்பதை எதிர்த்தே 1966-இல் உதயமான சிவசேனை தன் தொடக்ககால அரசியலைக் கட்டியது என்பது குறிப்பிடத்தக்கது.

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றுடன் தமிழ்வழியிலும் பள்ளிகளை நடத்துகிறது. ஆனால் தமிழ்வழியில் படிக்கும் மாணவர், மும்பையில் கல்லூரிக்குள் நுழையும்போது ஆங்கிலத்துக்கு மாறியாக வேண்டும். தாராவி 90 அடி சாலையில் காமராஜர் பெயரால் இயங்கும் பள்ளியே ஆங்கிலவழிப் பள்ளி என்பது, பெற்றோரின் கணக்கு எப்படி மாறியது என்பதற்கு ஒரு சான்று.

தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்புடைய ஆய்வும் உண்டு. எமிலி ஆஸ்டர், பிரைஸ் மில்லட் ஸ்டெயின்பெர்க் ஆகியோர் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் பள்ளிச் சேர்க்கை விவரங்களை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தகவல் தொழில்நுட்பச் சேவை மையம் ஒன்று தொடங்கப்பட்டால், அதை ஒட்டிய பகுதிகளில் பள்ளிச் சேர்க்கை 5.7 சதவீதம் உயர்வதாக அவர்கள் கண்டனர். அந்த உயர்வு பெரும்பாலும் ஆங்கிலவழிப் பள்ளிகளில் நிகழ்ந்தது. கண்ணெதிரே வேலை தெரிந்தால் பெற்றோர் படிப்பை மாற்றிக்கொள்கின்றனர். தாதரில் மகன்களின் கண்ணெதிரே தெரிந்தது வேறு வேலை.

ஆங்கிலம் மட்டும் போதுமா?

ஆங்கிலவழியில் சேர்ப்பதும் ஆங்கிலம் கற்பதும் ஒன்றல்ல. மெஹ்தாபுல் அஸாம், ஏமி சின், நிஷித் பிரகாஷ் ஆகியோர் 2005-ஆம் ஆண்டின் இந்திய மனிதவள மேம்பாட்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஆண்களின் ஊதியம் ஆங்கிலமே அறியாதோரை விட சராசரியாக 34 சதவீதம் அதிகம் எனத் தெரியவந்தது. சிறிதளவு மட்டும் பேசுவோருக்கு அந்தக் கூடுதல் 13 சதவீதமே. அரைகுறை ஆங்கிலத்தைத் தரும் பள்ளிக்குக் கட்டணம் கட்டும் ஏழைக் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல.

மொழி எதுவானாலும் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வராமல் பிள்ளைகள் வகுப்பு ஏறுகின்றனர் என்பதைக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வும் மும்பையில் நடந்ததுதான். மும்பைக் குடிசைப் பகுதிகளில் பணியைத் தொடங்கிய 'பிரதம்' அமைப்பின் 'பால்சகி' திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட நால்வர் மும்பையிலும் வடோதராவிலும் சோதித்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். இவ்விருவரும் மைக்கேல் கிரெமருடன் 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்திக் கற்பிப்பதே திட்டம். அப்பெண்ணுக்கு மாத ஊதியம் 500 முதல் 750 ரூபாய் வரை. இரண்டாம் ஆண்டு முடிவில் மாணவர்களின் தேர்வு மதிப்பெண் 0.28 திட்டவிலக்கம் அளவுக்கு உயர்ந்தது. மிகவும் பின்தங்கியிருந்தோரே அதிகம் முன்னேறினர். திட்டம் நின்று ஓராண்டு ஆனபோது பலனின் பெரும்பகுதி கரைந்திருந்தது. செலவு குறைந்த நல்ல திட்டம் என்று இதை மேற்கோள் காட்டுவோர் பிந்தைய தகவலை அடிக்கடி விட்டுவிடுகின்றனர்.

கொள்கை எங்கே நிற்கிறது?

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியில் அல்லது வட்டார மொழியில் கற்பிக்கப் பரிந்துரைக்கிறது. சிறு வயதில் தாய்மொழியில் கற்பது எளிது என்ற கல்வியியல் காரணம் அதற்கு உண்டு. தாதர் ஆய்வு எழுப்புவது வேறு கேள்வி: ஆங்கிலவழியை வாங்க வசதியுள்ளோர் தனியார் பள்ளிக்குப் போய்விடும் நிலையில், இந்தப் பரிந்துரை யாருடைய பிள்ளைகளுக்கு மட்டும் நடைமுறையாகும்?

மும்பை மாநகராட்சி 2007 முதல் 'மும்பை பப்ளிக் ஸ்கூல்' என்ற பெயரில் ஆங்கிலவழிப் பள்ளிகளைத் தொடங்கியது. பின்னர் மாட்டுங்காவின் வுல்லன் மில் பள்ளி ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கும், செம்பூர் அஜீஸ் பாக், தாதர் பவானி சங்கர் சாலை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டன.

தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் கல்வி உரிமைச் சட்டப் பிரிவு மற்றொரு வழி. அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் தனியார் பள்ளிக்கு இதிலிருந்து விலக்கு அளித்து மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில் விதியைத் திருத்தியது. தாராவி, தாதர் போன்ற நெருக்கமான பகுதிகளில் ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இல்லாத தெருவைக் காண்பது அரிது. அந்தத் திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜூலை 19-ஆம் தேதி ரத்து செய்தது. அத்தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றமும் அடுத்த மாதம் மறுத்துவிட்டது.