இணையவழித் தொலைபேசி அழைப்பு

கணினியிலிருந்து இணையத்தின் வழியே சாதாரணத் தொலைபேசி எண்ணை அழைக்க உதவும் சேவை இணையவழித் தொலைபேசி எனப்படும். பேசுபவரின் குரல் வினாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. அவ்வெண்கள் சுருக்கப்பட்டு, பெரும்பாலும் 20 மில்லி வினாடிப் பேச்சுக்கு ஒரு பொட்டலம் என்ற அளவில் இணையத்தில் அனுப்பப்படுகின்றன. மறுமுனையில் ‘கேட்வே’ எனப்படும் இடைமாற்றுக் கருவி அவற்றைப் பெற்று, தொலைபேசி நிலையம் ஏற்கும் வடிவுக்கு மாற்றி ஒப்படைக்கிறது. வழக்கமான தொலைபேசி வலையமைப்பில் வினாடிக்கு 64 கிலோபிட் தேவைப்படும் குரல், ஜி.729 என்னும் சுருக்கமுறையில் 8 கிலோபிட்டில் அடங்கிவிடுவதால், 1990களின் டயல்-அப் இணைப்பிலும் பேச முடிந்தது; எனினும் பொட்டலங்கள் பிந்தினாலும் தொலைந்தாலும் சொற்கள் இடையிடையே அறுபட்டன.

இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் 1995 பிப்ரவரியில் வெளியிட்ட ‘இன்டர்நெட் போன்’ இரு கணினிகளை மட்டுமே இணைத்தது. கணினியிலிருந்து தொலைபேசிக்கு அழைக்கும் வசதியை 1996இல் அமெரிக்காவின் ஐ.டி.டி. நிறுவனம் ‘நெட்டுபோன்’ என்ற பெயரில் வணிகச் சேவையாக்கியது.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தை வழங்கத் தொடங்கிய விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனமே வெளிநாட்டு அழைப்புகளின் தனியுரிமையையும் வைத்திருந்ததால், அவ்வருவாயைக் குலைக்கக்கூடிய இச்சேவை தடைசெய்யப்பட்டிருந்தது. அத்தனியுரிமை முடிவுக்கு வந்தபோது, 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, தன் ‘ஐவே’ பிரௌசிங் சென்டர்களின் வழியே அதை அளித்த முன்னோடிகளுள் ஒன்று.

அந்த அனுமதி அரைகுறையானது என்பதே இவ்வரலாற்றின் மையச் செய்தி. இந்தியக் கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசியை அழைக்கலாம், உள்நாட்டுத் தொலைபேசியை அழைக்கக் கூடாது என்றது விதி. தமிழகத்தின் எல்லையோர ஊரான திருத்தணியில், பிரௌசிங் சென்டர் ஒன்றில் ஹெட்போன் மாட்டி அமர்ந்தவர் நியூ ஜெர்சியிலுள்ள மகனின் வீட்டுத் தொலைபேசிக்குப் பேசுவது சட்டப்படி செல்லும். மாநில எல்லையைத் தாண்டிய அண்டை ஊரான நகரியிலுள்ள உறவினரின் தொலைபேசிக்கு அதே கணினியிலிருந்து பேசுவது செல்லாது, அதற்கு அவர் எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் போக வேண்டும். அழைப்பவரின் இருப்பிடத்தைக் கண்டறிவது கடினம் என்ற பாதுகாப்புக் கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் பெரும் உரிமக் கட்டணம் செலுத்திய தொலைபேசி நிறுவனங்களின் வருவாயைக் காக்கும் நோக்கமும் அத்தடையைத் தாங்கி நின்றது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2008 ஆகஸ்டிலேயே இக்கட்டுப்பாட்டை நீக்கப் பரிந்துரைத்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. 2003இல் தோன்றி உலகெங்கும் பரவிய ஸ்கைப், இந்தியாவுக்குள்ளிருந்து இந்திய எண்களை அழைக்கும் வசதியை 2014 நவம்பர் 10 அன்று நிறுத்திக்கொண்டது. டிராய் 2017 அக்டோபரில் மீண்டும் பரிந்துரைத்த பின்னர், 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் தெளிவுபடுத்த, அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். நிறுவனம் சிம் அட்டை இல்லாமல் எந்த எண்ணையும் அழைக்க உதவும் ‘விங்ஸ்’ சேவையை ஆண்டுக்கு 1,099 ரூபாய்க் கட்டணத்தில் அறிவித்தது.

அதற்குள் காலம் கடந்திருந்தது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, 4ஜி வலையமைப்பில் குரலையும் இணையப் பொட்டலங்களாகவே அனுப்பி, உள்நாட்டு அழைப்புக்குத் தனிக்கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டதால், மலிவான அழைப்புக்காக இணையத் தொலைபேசியை நாட வேண்டிய தேவை பெரிதும் குறைந்துபோனது. பத்தாண்டுத் தாமதத்தால் இழந்தவர்கள், அக்காலத்தின் பெரும்பகுதியில் உள்நாட்டு அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கொடுத்த எளிய மக்களே.