தேயாத பிரேக்கைத் தேடி

1902-இல் இங்கிலாந்தின் ஃபிரடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் தட்டைச் செம்புப் பட்டைகள் கவ்விப் பிடித்தன. உலோகத்தோடு உலோகம் உரசியதால் கிறீச்சொலி காதைத் துளைத்தது. புழுதிச் சாலைகளில் செம்பு சீக்கிரமே தேய்ந்தது. அருமையான யோசனை, ஏற்ற பொருளின்றி அரை நூற்றாண்டு காத்துக் கிடந்தது.

அதுவரை கார்களில் கோலோச்சியது லூயி ரெனோவின் டிரம் பிரேக். ஹெர்பர்ட் ஃபுரூடின் கல்நார் பட்டை ஓசையை அடக்கி ஆயுளைக் கூட்டியது. ஆனால் கல்நார்த் தூசு நுரையீரலைக் கெடுக்கும் கொடிய நஞ்சு. பின்னாளில் பல நாடுகள் அதைத் தடைசெய்தன. மேலும், மூடிய டிரம்மில் வெப்பம் உள்ளேயே தங்குவதால், நீண்ட இறக்கங்களில் பிடிப்பு தளர்ந்தது.

1953-இல் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது. 1955-இல் சிட்ரோயன் டிஎஸ் காரின் முன்சக்கரங்களுக்கும் டிஸ்க் வந்தது. பிறகு சாதாரணக் குடும்பக் கார்களுக்கும் பரவியது.