ஓரிட் ஏரிக்கரை அந்துப்பூச்சி எங்கிருந்து வந்தது?



ஐரோப்பிய நகரங்களில் சாலையோர நிழலுக்கென வளர்க்கும் மரங்களுள் ஒன்று ஹார்ஸ் செஸ்நட். இப்போதெல்லாம் கோடை முடியும் முன்பே அதன் இலைகள் பழுப்பேறிச் சுருண்டுவிடுகின்றன. காரணம், சுமார் 5 மி.மீ. நீளமே உள்ள ஓர் அந்துப்பூச்சி. இதன் புழு, இலைத்தோலுக்கு அடியில் குடைந்து பச்சையத்தைத் தின்றுவிடும்.

1984-இல், அன்றைய யுகோஸ்லாவியாவில், மாசிடோனியாவின் ஓரிட் ஏரிப் பகுதியில்தான் இது முதலில் கவனத்துக்கு வந்தது. 1986-இல் டெஷ்கா, டிமிச் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் புதிய இனமாக விவரித்து, ஏரியின் பெயரால் ‘கமெராரியா ஓரிடெல்லா’ என்று பெயரிட்டார்கள். 1989-இல் ஆஸ்திரியாவில் தென்பட்டது. 2002-இல் லண்டனுக்கும் வந்துவிட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல். கமெராரியா பேரினத்தைச் சேர்ந்த வேறு எந்தப் பூச்சியும் ஐரோப்பாவில் இல்லை. அதன் உறவினங்கள் வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் இருக்கின்றன. அப்படியானால் இது கடல் கடந்து வந்ததா? வேறொரு மரத்திலிருந்து செஸ்நட்டுக்குத் தாவியதா? சொந்த ஊர் தெரிந்தால்தான் அங்கே அதன் இயற்கை எதிரிகளைத் தேட முடியும்.

விடை கிடைத்தது பூச்சிப் பெட்டியில் அல்ல, உலர்ந்த இலைகளில். தியோடர் ஃபான் ஹெல்ட்ரைக் என்ற தாவரவியலாளர் 1879-இல் கிரீஸில் செஸ்நட் கிளைகளைப் பறித்து, தாளில் அழுத்திப் பாதுகாத்திருந்தார். பிற்கால ஆய்வாளர்கள் அந்த இலைகளைப் புரட்டியபோது, இலையோடு இலையாக நசுங்கிய புழுக்கள் தென்பட்டன. அவற்றின் டி.என்.ஏ.வையும் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள்: அதே பூச்சிதான்! பெயர் சூட்டப்படுவதற்கு 107 ஆண்டுகளுக்கு முன்பே அது பால்கன் பகுதியில் வாழ்ந்திருக்கிறது. செஸ்நட் மரத்தின் தாயகமும் அதே பால்கன் மலைகள்தான். ஆக, பூச்சியும் மரமும் ஒரே ஊர்க்காரர்கள்.

குளிர்காலத்தை இது உதிர்ந்த இலைகளுக்குள் கூட்டுப்புழுவாகக் கழிக்கிறது. அதனால் சருகைக் கூட்டி அப்புறப்படுத்துவதே அங்குள்ள மக்கள் செய்யக்கூடிய எளிய தடுப்பு.

ஹெல்ட்ரைக் தேடியது பூச்சியை அல்ல, மரத்தை. ஆனாலும் எங்கே, எப்போது பறித்தது என்ற குறிப்பு இலையோடு இருந்ததால்தான் இந்த வழக்கு தீர்ந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இலையோ பூவோ சேகரித்து ஒட்டினால், இடத்தையும் தேதியையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.