முன்னால் ஒரு பல் குறைந்தால்...

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரம் பார்த்து காலிங் பெல். கதவைத் திறந்தால் பக்கத்து பில்டிங் நெல்லைக்கார அண்ணாச்சி. பின்னால் அவர் மகன், காலேஜ் இரண்டாம் வருடம், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"சார், நீங்க பேங்க்ல கணக்கு பாக்கறவங்க. இவனுக்கும் ஒரு கணக்கு சொல்லிக் குடுங்க. புது பைக் வாங்கி ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள பல்லைப் புடுங்கணும்ங்கான்."

"பல்லு இல்லப்பா, ஸ்ப்ராக்கெட்! அங்கிள், வண்டில பிக்கப் நஹி ஹை. முன்னாடி 14 பல் இருக்கு. 13 போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்னு மெக்கானிக் சொல்றான்."

உல்லாஸ்நகரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் தமிழ் இப்படித்தான் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள் :-)

மெதுவாகப் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. சனிக்கிழமை ராத்திரி கல்யாண் - பத்லாபூர் ரோட்டில் பையன்களுக்குள் பந்தயமாம். இவன் வண்டி கிளம்பும்போதே பின்தங்கி விடுகிறதாம். அண்ணாச்சிக்கு இது தெரியாது. கேட்டதும் ஆள் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

நான் படித்தது பி.காம். இன்ஜினைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனாலும் இந்த ஒரு பல் விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

சைக்கிளில் படித்த பாடம்

நான் வளர்ந்தது அம்பத்தூர். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் அங்கே தொடங்கியது. 1960-ல் டி.ஐ. டைமண்ட் செயின் வந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் சைக்கிள் கம்பெனி, மீதிப் பேர் செயின் கம்பெனி என்று வேடிக்கையாகச் சொல்வோம். அதனால் செயின், பல்சக்கரம் எல்லாம் எங்களுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி.

வாடகை சைக்கிளில் பெடல் பக்கம் 44 பல், பின் சக்கரத்தில் 18 பல். ஒரு மிதிக்குச் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். பைக்கில் இது தலைகீழ். இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுவதால் அதைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். எனவே முன்னால் சின்னது, பின்னால் பெரியது.

பையனிடம் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். முன்னால் 14, பின்னால் 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. முன்னால் 13 போட்டால் 3.23. அதாவது எல்லா கியரிலும் பின் சக்கரத்துக்கு இழுவை சுமார் 7.7 சதவீதம் கூடுகிறது. முன்னால் ஒரு பல்லைக் குறைப்பதும் பின்னால் மூன்று பல்லைக் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் மாற்றுவது மலிவு என்பதால் மெக்கானிக் அதைத்தான் முதலில் சொல்வார்.

"பாத்தீங்களா அங்கிள்!" என்றான் பையன், முகமெல்லாம் பல்லாக.

"இரு தம்பி, வரவு எழுதியாச்சு. செலவையும் எழுதுவோம்."

முன்பு 60 கி.மீ. வேகத்தில் 4,500 சுற்று சுற்றிய இன்ஜின், இப்போது அதே வேகத்துக்கு சுமார் 4,850 சுற்ற வேண்டும். சத்தம், அதிர்வு, பெட்ரோல் எல்லாம் கூடும். டாப் கியரில் இன்ஜினின் சுற்று வரம்பைத் தொட்டால் 120 கி.மீ. என்றிருந்த வண்டி, 111-லேயே அந்த வரம்பைத் தொட்டுவிடும்.

இன்னொரு மறைமுகக் கட்டணமும் உண்டு. முன்பு இரண்டாவது கியரிலேயே 62 கி.மீ. வரை போக முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 57-58-லேயே மூன்றாவதுக்கு மாற்ற வேண்டும். 60-ஐத் தொடுவதற்குள் ஒரு கியர் மாற்றம் கூடுதல். கிளட்சைப் பிடித்து விடும் அந்த நொடியில் சம்பாதித்ததில் ஒரு பங்கு போய்விடும்.

எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால், கடன் தொகை அதேதான், தவணைக் காலத்தை மட்டும் மாற்றிக் கொள்கிறோம். இன்ஜினின் சக்தியில் ஒரு குதிரை கூடக் கூடுவதில்லை.

மலை ஏறிய 'இந்தியன்'

இது இன்றைய பையன்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. இன்று நாம் பார்க்கும் ரோலர் செயினை 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கினார். ஆனாலும் ஆரம்பகால பைக்குகள் பலவற்றில் தோல் பெல்ட்தான், அதுவும் ஒரே கியர். சமதளத்தில் பறக்கும், மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

1911-ல் பிரிட்டனின் 'ஐல் ஆஃப் மேன்' பந்தயத்தை மலைப் பாதைக்கு மாற்றினார்கள். ஒரு சுற்று சுமார் 60 கி.மீ. அந்த வருடம் பெரிய வண்டிகளுக்கான பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது 'இந்தியன்'. நம் நாட்டு வண்டி இல்லை, அமெரிக்கக் கம்பெனியின் பெயர் அது. அவற்றில் இரண்டு கியரும் செயினும் இருந்தன. கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் ஒரு விகிதம், ஓடுவதற்கு இன்னொன்று. ஒரே விகிதத்தில் இரண்டு வேலையும் நடக்காது என்று அன்றே தெரிந்துவிட்டது.

சோழவரம்

நம்மூரில் இந்தப் பாடத்தை நடத்திய வகுப்பறை சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருடா வருடம் அங்கே பந்தயம் நடத்தியது. திருவொற்றியூரில் 1950-களிலிருந்தே புல்லட் தயாரான ஊர் இது, கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

விமானம் ஓடிய தளம் என்பதால் நீண்ட நேர்க்கோடு, முடிவில் சட்டென்று திருப்பம். அங்கேதான் பல் கணக்கு. பல் குறைத்தவன் திருப்பத்திலிருந்து முதலில் வெளியே வருவான். நேர்க்கோட்டின் பாதியில் இன்ஜின் கத்திக்கொண்டிருக்க, குறைக்காதவன் நிதானமாகத் தாண்டிப் போவான். எனவே கெட்டிக்காரர்கள் பையில் நாலைந்து ஸ்ப்ராக்கெட்டோடு வருவார்கள், ஓட்டிப் பார்த்து மாட்டுவார்கள். பந்தயக்காரனுக்கு 'நல்ல விகிதம்' என்று ஒன்று கிடையாது, இந்தத் தளத்துக்கு எது என்பதுதான் கேள்வி.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தளம் வந்தது. நீளம் 3.7 கி.மீ., வளைவுகள் அதிகம். சோழவரத்தில் ஓடிய கணக்கு அங்கே செல்லாது.

இங்கே உல்லாஸ்நகருக்கும் சோழவரத்துக்கும் ஒரு உறவு உண்டு. இந்த ஊரே போர்க்காலத்தில் ராணுவ முகாமாக இருந்த இடம். பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டு வந்த சிந்தி மக்களை அந்த பாரக்குகளில் குடியமர்த்தினார்கள். இன்றும் விலாசம் கேட்டால் 'கேம்ப் 3', 'கேம்ப் 4' என்றுதான் சொல்வார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று ஊருக்கு அடிக்கல் நாட்டியவர் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி! பக்கத்தில் நெவாளியில் அதே போர்க்காலத்து விமான ஓடுதளமும் இருக்கிறது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு 2017-ல் விவசாயிகள் பெரிய போராட்டமே நடத்தினார்கள்.

அப்பாவின் மைலேஜ், மகனின் பிக்கப்

எண்பதுகளுக்கு வருவோம். 1983-ல் ராஜ்தூத் 350 வந்தது. 347 சிசி, ஆறு கியர், இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். ஜப்பானில் 39 குதிரை சக்தி கொடுத்த யமஹாவின் வண்டி, இங்கே 30.5 ஆகக் குறைக்கப்பட்டது. 'பெட்ரோல் குடிக்குது' என்று ஜனங்கள் புலம்பியதும் 27 ஆகக் குறைத்து இன்னொரு மாடலும் விட்டார்கள்.

1985-ல் இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று ஹீரோ ஹோண்டா சிடி 100, லிட்டருக்கு 80 கி.மீ. என்று விளம்பரம். இன்னொன்று யமஹா ஆர்எக்ஸ் 100, 98 சிசி-யில் 11 குதிரை சக்தி. முதலாவது அப்பாக்களின் வண்டி, இரண்டாவது மகன்களின் வண்டி. (அப்பா காசில் வாங்கிய மகன்களின் வண்டி என்று திருத்திப் படிக்கவும்.)

கம்பெனிக்காரர் விகிதத்தை முடிவு செய்யும்போது மைலேஜ், சத்தம், புகை, இன்ஜின் ஆயுள், இரண்டு பேர் ஏறினால் மேட்டில் இழுக்குமா என்று எல்லாவற்றையும் பார்க்கிறார். 'எவ்வளவு குடுக்கும்?' என்று கேட்கும் நாட்டில் தராசு மைலேஜ் பக்கம் கொஞ்சம் சாய்வது இயற்கை. தெருமுனை மெக்கானிக் அதை மகன் பக்கம் சாய்த்துக் கொடுத்தார். நம் குடும்பங்களில் அப்பாவுக்கும் மகனுக்கும் நடந்த சண்டை, அந்தப் பல் எண்ணிக்கையில் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

கம்பெனிகளும் பிறகு இறங்கி வந்தன. 2008-ல் வந்த யமஹா ஆர் 15-க்குப் பின்னால் 42 பல். 2011-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 47. தெருவில் நடந்ததைத் தொழிற்சாலையே செய்தது. ஒரு வித்தியாசம்: பின் டயரை அகலமாக்கி, சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் நீட்டி, வண்டி முழுவதையும் பார்த்துச் செய்தார்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். சிறு வயதில் சோழவரம் பார்த்தவர், என்னை இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிப் போனவர். போலீஸ் வேலைக்காக விடிகாலையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார். 1994-ல் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வாங்கி, நண்பர்களோடு பந்தயத்துக்காக முன்னால் ஒரு பல்லைக் குறைத்தார். ஸ்ப்ராக்கெட் புதுசு. செயின் மட்டும் அதே பழசு.

ஒரு பல் குறைந்தால் செயினில் அரைக் கண்ணி அளவு தொய்வு வரும், பின் சக்கரத்தைத் தள்ளி இறுக்க வேண்டும். ஏற்கெனவே நீண்டுபோன செயின், தள்ளுவதற்கு இடமில்லை. தேய்ந்த செயின் புதுப் பல்லில் சரியாக உட்காரவும் செய்யாது. தொழிற்பேட்டை ரோட்டில் முறுக்கியபோது செயின் கழன்று முன்னால் சுற்றிக்கொண்டது. பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வலது முழங்கால் போயிற்று, போலீஸ் வேலையும் போயிற்று. இன்று ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மாடிப்படி ஏறும்போது இன்னும் ஒரு பக்கமாகத்தான் ஏறுவார்.

இதைச் சொன்னபோது பையன் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப போடலாமா கூடாதா அங்கிள்?"

சொன்னேன். "போட நினைத்தால் முன், பின், செயின் மூன்றும் செட்டாக மாற்று. சின்னப் பல்லில் செயின் அதிகம் மடங்கும், சீக்கிரம் தேயும், அடிக்கடி பார். உன் வண்டியில் ஸ்பீடாமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடினால் வேகத்தையும் கிலோமீட்டரையும் 7.7 சதவீதம் கூட்டிக் காட்டும். சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியை மாற்றுவதில் கறார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த அசல் அமைப்பை மாற்றக் கூடாது என்றது. அதனால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேள், இல்லாவிட்டால் வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டிலும் இடிக்கும். பாக்கி சனிக்கிழமை ராத்திரி. அந்த ரோட்டில் லாரி வரும், ஆட்டோ வரும், குறுக்கே ஆள் வருவான். சோழவரத்தில் அதெல்லாம் வராது. அதற்கு 13 பல்லும் சரியில்லை, 14 பல்லும் சரியில்லை."

பையன் ஒன்றும் சொல்லாமல் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

ராத்திரி அண்ணனுக்கு போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டேய், பல்லு மேல பழியப் போடாத. செயின் வாங்கக் காசு இல்லன்னு விட்டது என் தப்பு. அந்தப் பையனை லீவுல இங்க அனுப்பு. இருங்காட்டுக்கோட்டைல ரேஸ் காட்டறேன். ரோட்டுல ஓட்டறதுக்கும் அங்க ஓட்டறதுக்கும் வித்தியாசம் கண்ணால பாத்தாத்தான் புரியும்."

அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன். டிக்கெட் நான் எடுத்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி பையன் வண்டி கீழேயே நின்றது. அடுத்த சனிக்கிழமையும் நிற்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பல் கணக்கு இருந்தால், பையனைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து உட்காருங்கள். வரவு, செலவு இரண்டையும் எழுதுங்கள்.