விலையும் செலவும்: நூலக மென்பொருள்களுக்கிடையே கொள்முதல் தரவுப் பரிமாற்றத் தரநிலை உருவான வரலாறு

இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களில் பேணப்படும் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு நூலுக்கு ஒரு வரி. சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், வழங்குநர், பில் எண், விலை என அவ்வரி நீளும். நூல் ஒருமுறை வரும். பணம் ஒருமுறை போகும். கணக்கு அங்கேயே முடிந்துவிடும். பல தலைமுறைகளாக நூலகத்தின் பணக்கணக்கு இந்த ஒற்றை வரியை நம்பியே நடந்தது. மின்னிதழ்களின் வரவு அந்த வரியைக் குலைத்தது. எந்த இதழுக்கு எவ்வளவு செலவாயிற்று என்ற எளிய வினாவுக்கு விடை சொல்ல இயலாத நிலைக்குப் பெரிய நூலகங்களும் வந்து சேர்ந்தன. இந்நிலையைச் சீர்செய்ய அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை நடைபெற்ற ஒரு முயற்சியின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. அம்முயற்சியின் பெயர் 'கோர்'. வளச் செலவுப் பரிமாற்றம் என்பது அப்பெயரின் விரிவு.

மார்க் விட்டுச்சென்ற இடைவெளி

நூலகத் தரவைக் கணிப்பொறிவழிப் பகிர்ந்துகொள்ளும் முயற்சி இதற்கு நாற்பதாண்டு மூத்தது. ஹென்றியெட் ஆவ்ரம் தலைமையில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1966 நவம்பர் முதல் 1968 ஜூன் வரை 16 நூலகங்களுடன் நடத்திய 'மார்க்' முன்னோட்டம் அதன் தொடக்கம். 1973இல் அவ்வடிவத்தின் கட்டமைப்பு ஐஎஸ்ஓ 2709 என்னும் பன்னாட்டுத் தரநிலையாயிற்று. ஒரு நூலின் ஆசிரியர், தலைப்பு, பக்க எண்ணிக்கை ஆகியன எல்லா நூலகத்திற்கும் ஒன்றே. ஒருவர் எழுதியதைப் பிறர் எடுத்தாள்வதால் அனைவருக்கும் உழைப்பு மிஞ்சியது. மார்க் பரவியதற்கு இதுவே அடிப்படை எனலாம்.

மார்க் பதிவிலும் பணத்திற்கு ஓர் இடம் உண்டு. ஐஎஸ்பிஎன் எண்ணுக்குரிய 020ஆம் புலத்தின் 'சி' உட்புலம் நூலின் விலையைக் குறிக்கப் பயன்படுவது. ஆயின் அங்கே பதிவாவது விலை, செலவன்று. தமிழில் இவ்விரு சொற்களும் தெளிவாகவே வேறுபடுகின்றன. விலை விற்பவர் சொல்வது. செலவு வாங்கியவர் கையிலிருந்து போனது. கழிவு, அஞ்சற்கட்டணம், நாணய மாற்று, வரி ஆகிய அனைத்தும் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கின்றன. குறிப்பிட்ட நூலகம் ஒரு நூலுக்குக் கொடுத்த தொகை அந்நூலகத்தின் கொள்முதல் பதிவில் மட்டுமே இருந்தது. அப்பதிவின் வடிவத்தை மென்பொருள் நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி அமைத்துக்கொண்டன. மின்னணுத் தரவுப் பரிமாற்றம் என்ற வணிக நெறி கொள்முதல் ஆணையையும் பில்லையும் நூலகத்திற்கும் வழங்குநருக்கும் இடையே கொண்டுசேர்த்தது உண்மையே. ஆனால் வாசலுக்கு வந்த தரவு வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குச் செல்ல வழியில்லாதிருந்தது.

இரண்டு ஏடுகள்

வீட்டுக்குள் மறு அறை ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பது இங்கு நோக்கத்தக்கது. மின்னிதழை நூலகம் வாங்குவதில்லை, உரிமம் பெறுகின்றது. யார் படிக்கலாம், எத்தனை படி எடுக்கலாம், சந்தா நின்றபின் பழைய இதழ்கள் கிடைக்குமா, ஒப்பந்தம் என்று முடிகின்றது என்பனவற்றை எழுதிவைக்க அன்றைய ஒருங்கிணைந்த நூலக மென்பொருள்களில் இடமில்லை. ஆகவே நூலகங்கள் தாமே தனி ஏடுகளை உருவாக்கிக்கொண்டன. எம்ஐடியின் 'வெரா', பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'எர்லிக்', ஜான்ஸ் ஹாப்கின்ஸின் 'ஹெர்மீஸ்' ஆகியன அவ்வாறு பிறந்தவை.

இவற்றின் பொதுக்கூறுகளைத் தொகுக்க மின்னணு நூலகக் கூட்டமைப்பு 2002இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. டிமோதி ஜூவெல் முதலியோர் உருவாக்கிய அதன் அறிக்கை 2004இல் வெளிவந்தது. மின்வள மேலாண்மை அமைப்பு ஒன்று எவற்றையெல்லாம் பதிவுசெய்ய வேண்டும் என்பதற்கு விரிவான தரவு அகராதியை அது வழங்கியது. வணிக நிறுவனங்கள் அதனையே வரைபடமாகக் கொண்டு மென்பொருள்களை உருவாக்கி விற்றன. இவ்வாறு உரிமத்திற்கு ஓர் ஏடும் பணத்திற்கு வேறோர் ஏடும் நிலைபெற்றன. ஒரு நூலகமே இவ்விரண்டையும் இரு வேறு நிறுவனங்களிடமிருந்து பெற்றிருப்பதும் உண்டு. அந்நிலையில் பணியாளர் ஒரு திரையில் தெரியும் தொகையைப் பார்த்து மறு திரையில் தட்டச்சிட வேண்டியிருந்தது. கணிப்பொறி வந்தபின்னும் படியெடுக்கும் வேலை ஒழியவில்லை!

இதற்கிடையே பயன்பாட்டுக் கணக்கு ஒழுங்குபட்டுவந்தது. 2002இல் தொடங்கப்பெற்ற 'கவுண்டர்' அமைப்பு, ஓர் இதழின் கட்டுரைகள் எத்தனை முறை எடுக்கப்பட்டன என்பதைப் பதிப்பகங்கள் ஒரே முறையில் எண்ணித் தருவதற்கான நெறியை 2003இல் வெளியிட்டது. அவ்வெண்களைத் தானாகவே பெற்றுத் தரும் 'சுஷி' நெறிமுறை 2007இல் அமெரிக்கத் தேசியத் தரநிலையாயிற்று. ஒரு பயன்பாட்டுக்கு எவ்வளவு செலவு என்று அறிய வேண்டுமானால் செலவைப் பயன்பாட்டால் வகுக்க வேண்டும். வகுக்கும் எண் கிடைத்துவிட்டது. வகுபடும் எண் கொள்முதல் ஏட்டுக்குள் அடைபட்டிருந்தது.

கோர் நெறிமுறை

2008 ஜனவரியில் கூட்டமைப்பின் சார்பில் நூலகர் குழுவொன்று வெளியிட்ட வெள்ளை அறிக்கை இச்சிக்கலை நேரடியாக எடுத்துரைத்தது. கொள்முதல் மென்பொருளும் மின்வள மேலாண்மை அமைப்பும் பேசிக்கொள்ள வேண்டுமெனில் இன்றியமையாத தரவுக்கூறுகள் எவை என்பதை நூலகங்களின் நடைமுறையிலிருந்தே அது ஆராய்ந்தது. அவ்வாண்டிலேயே தேசியத் தகவல் தரநிலைகள் நிறுவனமாகிய 'நைசோ' கோர் பணிக்குழுவை அமைத்தது. எட் ரைடிங், டெட் காப்பெல் ஆகிய இருவரும் இணைத்தலைவர்கள். இருவரும் நூலக மென்பொருள் நிறுவனங்களைச் சார்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. தேவையை உணர்ந்தவர் நூலகர். கருவியைச் செய்ய வேண்டியவர் நிறுவனத்தார். பின்னர் நேர்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு உதவும்.

நெறிமுறையின் செயற்பாடு எளிது. மின்வள மேலாண்மை அமைப்பு வினவும். கொள்முதல் மென்பொருள் விடை தரும். வினாவும் விடையும் எக்ஸ்எம்எல் வடிவில் அமையும். குறிப்பிட்ட வளத்திற்கான ஆணை எண், வழங்குநர், நிதித் தலைப்பு, பில் விவரம், சந்தாக் காலம், செலுத்திய தொகை போன்றவற்றைப் பெறுவதே நோக்கம். பல்கலைக்கழக நிதி அலுவலகத்தின் மென்பொருளிலிருந்து தரவு பெறவும், ஒரு கூட்டமைப்பு தன் உறுப்பு நூலகங்களுடன் செலவு விவரத்தைப் பகிரவும் இதனைப் பயன்படுத்தலாம் என்றும் கருதப்பட்டது. இசட்39.95 என்னும் எண்ணுடன் வெளிவந்த வரைவு 2009 ஏப்ரல் 1 முதல் 2010 மார்ச் 31 வரை சோதனைக்கு விடப்பட்டது.

சோதனையாண்டு முடிந்தபின் கோர் தேசியத் தரநிலையாகவில்லை. நூலகங்களும் நிறுவனங்களும் மேலும் பழகிச் சோதித்துப் பார்க்கட்டும் என்னும் கருத்துடன் 2010இல் அது 'பரிந்துரைக்கப்படும் நடைமுறை' என்ற நிலையிலேயே வெளியிடப்பட்டது.

தடை எங்கே?

நெறிமுறையின் தொழில்நுட்பத்தில் குறைகாண்பது கடினம். தடை, 'செலவு' என்ற சொல்லின் பொருளிலேயே இருந்தது எனலாம். 1990களின் பிற்பகுதி முதல் பெரும் பதிப்பகங்கள் இதழ்களைத் தனித்தனியே விற்பதைக் குறைத்து நூற்றுக்கணக்கில் தொகுத்து விற்கத் தொடங்கின. நூலகம் ஒரு தொகுப்பில் 500 இதழ்களை 10 இலட்சம் ரூபாய்க்குப் பெறுவதாகக் கொள்வோம். கொள்முதல் ஏட்டில் இருப்பது ஒரே தொகை. அதனைச் சமமாகப் பகிர்ந்தால் ஓர் இதழுக்கு 2,000 ரூபாய் வரும். 1,000 முறை படிக்கப்பட்ட இதழின் ஒரு பயன்பாட்டுக்கு 2 ரூபாயும், ஒரே முறை படிக்கப்பட்டதற்கு 2,000 ரூபாயும் என விடை கிடைக்கும். எண் துல்லியமானதே. ஆயினும் இரண்டாம் இதழை நிறுத்துவதால் நூலகத்திற்கு ஒரு காசும் மிஞ்சாது. தொகுப்பின் விலை தொகுப்புக்கே உரியது. கோர் இத்தகைய எண்ணை ஏடுவிட்டு ஏடு பிழையின்றிக் கொண்டுசெல்லும். ஆனால் அவ்வெண் எதன் செலவு என்பதை அதனால் தீர்மானிக்க இயலாது. நிதித் தலைப்புகள் இரண்டு மூன்றாகப் பிரியும்போதும், பல்லாண்டு ஒப்பந்தம் நிதியாண்டோடு பொருந்தாதபோதும் இச்சிக்கல் மேலும் இறுகும்.

இதற்கு இணையான மற்றொன்று கட்டாயம் இன்மை. சுஷியின் வரலாறு இதைத் தெளிவாக்கும். 2008இல் வெளிவந்த கவுண்டர் நெறியின் மூன்றாம் பதிப்பு சுஷியை ஏற்பதைக் கட்டாயமாக்கியது. ஏற்காத பதிப்பகம் கவுண்டர் ஒப்புதலை இழக்கும். கோருக்குப் பின்னால் அத்தகைய அதிகாரம் எதுவுமில்லை. ஒரு நிறுவனம் தன் கொள்முதல் மென்பொருளில் கோரைப் பொருத்தினால் உடனடிப் பயன் அதன் போட்டி நிறுவனத்தின் மேலாண்மை அமைப்புக்கே. தன் செலவில் பிறர் வணிகத்திற்குப் பாலம் கட்ட முன்வருவோர் அரியர். சோதனையாண்டின் மந்தநிலையைப் பணிக்குழுவின் குறையாகக் கருதுவது ஆதலின் பொருந்தாது.

இங்கே ஒரு தெளிவு தேவை. கோர் ஒரு நூலகத்தின் செலவை ஊரறியச் செய்யும் கருவியன்று. அது பெரும்பாலும் ஒரே நூலகத்தின் இரு ஏடுகளை இணைப்பது. நூலகங்கள் தமக்குள் செலவைப் பகிர்வதில் வேறொரு தடை நின்றது: பதிப்பகங்கள் ஒப்பந்தங்களில் சேர்த்த இரகசியக் காப்பு விதி. 2009இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் தன் ஒப்பந்தத்தை ஆய்வாளருக்கு வெளியிடுவதைத் தடுக்க எல்செவியர் நீதிமன்றம் சென்று தோற்றது. அவ்வாண்டிலேயே அமெரிக்க ஆய்வு நூலகச் சங்கம் இத்தகைய விதிகளுக்கு உடன்பட வேண்டாமெனத் தன் உறுப்பினர்களை வலியுறுத்தியது. தகவலறியும் சட்டங்களின் துணையால் திரட்டிய ஒப்பந்தங்களைக் கொண்டு பெர்க்ஸ்ட்ரோம் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, ஒத்த பல்கலைக்கழகங்கள் ஒரே தொகுப்புக்குப் பெரிதும் வேறுபட்ட தொகைகளைச் செலுத்தியதைக் காட்டியது. ஒருவர் செலவு மற்றவருக்குத் தெரியாதிருப்பதே விற்பவரின் வலிமை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சுவர் இடிந்த விதம்

ஏடுகளுக்கு இடையே இருந்த சுவரைக் கோர் இடிக்கவில்லை; சந்தை இடித்தது. 2012இல் பாஸ்டன் கல்லூரியில் பயன்பாட்டுக்கு வந்த எக்ஸ் லிப்ரிஸின் 'அல்மா' போன்ற புதிய தளங்கள் கொள்முதலையும் உரிமத்தையும் ஒரே மென்பொருளுக்குள் வைத்தன. பரிமாறிக்கொள்ள இரு ஏடுகள் இல்லாத இடத்தில் பரிமாற்ற நெறிக்கு வேலையில்லை. அதற்கு ஈடாக நூலகத்தின் அச்சு, மின், பணக் கணக்குகள் அனைத்தும் ஒரே நிறுவனத்தின் கைக்குச் சென்றன. எக்ஸ் லிப்ரிஸை 2015இல் புரோக்வெஸ்ட் வாங்கியது. புரோக்வெஸ்டை 2021இல் கிளாரிவேட் வாங்கியது. இவ்விரண்டும் நூலகங்களுக்குத் தரவுத்தளம் விற்கும் நிறுவனங்கள். விற்பவரின் குழுமமே வாங்குபவரின் கணக்கேட்டையும் பேணும் இந்நிலை முற்றிலும் புதிதன்று. 'வாயேஜர்' மென்பொருளை உருவாக்கிய எண்டெவர் நிறுவனம் 2000 முதல் 2006 வரை எல்செவியரிடம் இருந்தது.

இந்தியாவில் 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை 2024 நவம்பர் 25இல் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள் என அதன் பரப்பு பெரிது. சந்தாத் தொகை நடுவில் செலுத்தப்படுவதால் உறுப்பு நூலகம் எதன் கணக்கேட்டிலும் இவ்விதழ்களுக்கான பில் இல்லை. பயன்பாடு கல்லூரிதோறும் பதிவாகும். செலவு ஓரிடத்தில் இருக்கும். கூட்டமைப்பு தன் உறுப்பினர்களுடன் செலவு விவரத்தைப் பகிர வேண்டும் என்று கோர் ஆவணம் முன்னரே கருதிய அந்தப் பயன்பாடு, அமெரிக்காவில் பெரிதும் எழுதப்படாமலே கிடந்த பக்கம், இங்கே ஒரு நாட்டளவில் விரிந்து கிடக்கின்றது.