வெளியேறும் தரவுத் திருட்டைக் கண்டறிதல்

வலையமைப்புக்குள் ஊடுருவியவர் அங்குள்ள கோப்புகளை வெளியே கடத்துவதை, வெளிச்செல்லும் போக்குவரத்தைக் கொண்டு இனங்காணும் முறை இது. தீச்சுவர் அமைப்பவர்கள் பெரும்பாலும் உள்ளே வருவதையே பார்க்கிறார்கள். ஆனால் திருட்டு நிறைவேறுவது தரவு வெளியேறும்போதுதான்.

தமிழ் வாசகர் அறிய வேண்டிய நிகழ்வு கூடங்குளத்தில் நடந்தது. அங்குள்ள அணுமின் நிலையத்தின் கணினியொன்றில் தீநிரல் புகுந்திருப்பது 2019 செப்டம்பர் 4 அன்று இந்திய அணுமின் கழகத்துக்கு அறிவிக்கப்பட்டது. 'டிட்ராக்' எனும் அந்தத் தீநிரலின் மாதிரி ஒக்டோபர் இறுதியில் பொதுவெளிக்கு வந்தது. 29ஆம் திகதி நிலையம் மறுத்தது. மறுநாளே கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு தொடுத்த கணினி. உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு தனியானது என்றது கழகம். டிட்ராக் உலாவி வரலாறு, இயங்கும் நிரல்கள், கோப்புப் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டும். அந்த மாதிரியிலேயே உள்வலையமைப்பின் கடவுச்சொல் பொதிந்திருந்தது. திரட்டியதை முதலில் உள்ளேயே வேறொரு கணினிக்கு நகர்த்தும்படி அது எழுதப்பட்டிருந்தது. ஆகவே, வழக்கமாகத் தொடாத வேறொரு கணினியின் வட்டை ஒரு கணினி திடீரெனத் தொடுவது, தரவு வெளியேறுமுன்பே கிடைக்கும் எச்சரிக்கை. இதைத் தவறவிடுவோரே அதிகம்.

வெளியே போகும்போது உள்ளடக்கம் குறியாக்கத்தில் மறைந்துவிடும். சேருமிடம், நேரம், அளவு ஆகிய மூன்றும் மறையா. சிலர் களப் பெயர்த்தேடல் (DNS) கேள்விகளுக்குள் தரவைத் துண்டு துண்டாய்ச் செருகுவர். ஒரு பெயர்ப் பகுதிக்கு 63 எழுத்துகளே எல்லை என்பதால், பொருளற்ற நீண்ட பெயர்கள் ஒரே களத்தை நோக்கி ஆயிரக்கணக்கில் போகும். அதைப் பதிவேட்டில் எளிதாகப் பிடிக்கலாம். நாட்கணக்கில் சிறுகச் சிறுகக் கசிவதைப் பிடிப்பதுதான் கடினம்.

இதற்கெல்லாம் 'வழமை' எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். அது ஊருக்கு ஊர் வேறு. கிழக்கிலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றில் ரமழான் இரவுகளில் கடைகள் வெகுநேரம் திறந்திருக்கும். நள்ளிரவுப் போக்குவரத்தையெல்லாம் சந்தேகிக்கும் விதி அங்கே பொய் எச்சரிக்கைகளையே குவிக்கும். மாறாக, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஆளில்லா அலுவலகத்திலிருந்து பெருமளவு தரவு வெளியேறினால் உடனே பார்க்க வேண்டும். கொழும்பில் அமைத்த மென்பொருளுக்கு இது தெரியாது. ஊர்க்காரர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

2023 ஓகஸ்டில் இலங்கை அரச முகில் கட்டமைப்பைத் தாக்கிய பணயத் தீநிரல், மே 17க்குப் பிந்திய அரச மின்னஞ்சல்களை அழித்தது. இத்தகைய தீநிரலை ஏவும் கும்பல்கள் பல, கோப்புகளைப் பூட்டுமுன் பிரதியெடுத்து வெளியே அனுப்புகின்றன. காப்புப்பிரதி இழப்பைத்தான் ஈடுசெய்யும், கசிவைத் தடுக்காது. தனிப்பட்ட தரவு மீறலைத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்பாடு செய்கிறது. வெளிச்செல்லும் போக்குவரத்துக்குப் பதிவேடே வைக்காத நிறுவனத்தால், என்ன போனது என்று அங்கே சொல்ல முடியாது.