ஆரைக்கீரை - ஒரு பெரணியின் வரலாறு

பெரணி என்றால் ஊட்டி, கொடைக்கானல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் சமவெளியிலும் ஒரு பெரணி உண்டு. அதைக் கீரை என்று பறித்துக் கடைந்து சாப்பிட்டும் வந்திருக்கிறார்கள்! திருமழிசைக்குத் தெற்கே இருக்கும் செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளை நம்பிய வயல்களில், சேற்றில் படரும் ஆரைக்கீரைதான் அது.

காம்பின் நுனியில் கூட்டல் குறி போல நான்கு இலைகள் இருக்கும். மூன்று இலையும் மஞ்சள் பூவும் கொண்ட புளியாரை வேறு; அது பெரணி அல்ல. ஆரை பூக்காது. காம்பின் அடியில் அவரை விதை போன்ற கெட்டியான காய் வைக்கும். அதற்குள் இருப்பவை விதைகள் அல்ல, வித்துத்தூள். ஏரி வற்றினாலும் இது பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, தண்ணீர் பட்டதும் முளைக்கும்.

இதன் அறிவியல் பெயர் மார்சீலியா. இத்தாலியின் பொலோனாவைச் சேர்ந்த அறிஞர் மார்சிலி (1658-1730) நினைவாக வைக்கப்பட்டது.

உயிரைப் பறித்த ஆரை

ஆஸ்திரேலிய ஆரைக்கு நார்டூ என்று பெயர். 1860 ஆகஸ்டு 20 அன்று பர்க், வில்ஸ் குழு மெல்போர்னிலிருந்து வடக்கே புறப்பட்டது. இந்தியாவிலிருந்து வாங்கி வந்த ஒட்டகங்களும் கூடவே சென்றன. திரும்பும் வழியில் உணவு தீர்ந்துபோய், கூப்பர் ஓடைக்கரையில் நார்டூ காய்களை அரைத்து உண்டார்கள். வயிறு நிறைந்தும் உடல் மெலிந்துகொண்டே போனது. 1861-ன் நடுவில் இருவரும் இறந்தனர். யான்ட்ருவாந்தா பழங்குடியினரிடம் அடைக்கலம் புகுந்த கிங் மட்டும் செப்டம்பரில் உயிருடன் மீட்கப்பட்டார்.

காரணம் என்ன? ஆரையில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐ அழிக்கும். பழங்குடியினரின் பக்குவம் தெரியாமல், வேறு உணவும் போதாமல் அதையே தின்றதால் பெரிபெரி நோய் தாக்கியது என்று 1994-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வாளர்கள் விளக்கினர். தமிழ்நாட்டில் இக்கீரையைப் பச்சையாகத் தின்பதில்லை. பருப்போடு வேகவைத்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதோடு சரி.

வளர்ப்பது எப்படி?

அகலமான தொட்டியில் வயல் மண்ணை அரையடி நிரப்பி, இரண்டு விரற்கடை தண்ணீர் நிறுத்த வேண்டும். வேரோடு கூடிய கொடித்துண்டை நட்டு வெயிலில் வைத்தால் போதும், தானே படரும். சாக்கடை கலக்கும் குட்டையிலிருந்து பறித்துச் சமைக்கக் கூடாது. ஆரை கன உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும்.

நெல் விவசாயிக்கு ஆரை ஒரு களைதான். களைக்கொல்லி தெளித்தாலும் காய்கள் சேற்றில் காத்துக்கிடக்கும். ஆனால் வயலே மனையானால்? 2011-ல் திருமழிசைக்குத் துணைநகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நகரம் வளரட்டும். ஆரையின் காய் வறட்சியைத் தாங்கும், கான்கிரீட்டைத் தாங்காது. மொட்டைமாடியில் ஒரு தொட்டி ஆரைக்கு இடம் கொடுப்பது பெரிய செலவு இல்லையே!